கடலை எழுப்பும் சொல்

பெயர் வைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் பெல்சியாவுக்கு உறைத்தது: அந்தக் கடலை இத்தனை காலமாக யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

வரைபடத்தில் பெயர் இல்லாமல் இல்லை. பாக் விரிகுடா என்று அழகாக அச்சடித்திருந்தது. எப்போதோ சென்னையில் கவர்னராக இருந்த ஒரு வெள்ளைக்காரரின் பெயர். ஆனால் பாம்பன் கரையில் போய் நின்று, "பாக் விரிகுடாவுக்கு எப்படிப் போக வேண்டும்?" என்று கேட்டால், வலை பிரித்துக்கொண்டிருப்பவன் உங்களை ஏற இறங்கப் பார்ப்பான், பேருந்து நிலையத்துக்கு வழி காட்டினாலும் ஆச்சரியமில்லை. அவனுக்குப் பாலத்துக்கு வடக்கே இருப்பது வடகடல், தெற்கே இருப்பது தென்கடல். கொஞ்சம் வாயைக் கிளறினால், அடக்கமாக இருப்பதால் வடகடல் பெண்கடல் என்றும், காரணமில்லாமல் கத்துவதால் தென்கடல் ஆண்கடல் என்றும் சொல்வான். அவன் மனைவி பக்கத்தில் இருந்தால் முதல் பாதியை மட்டும் மறுப்பாள்.

செயற்கைக்கோள்கள் இருந்தவரை இதனால் யாருக்கும் குறையில்லை. படகில் ஒரு சின்னத் திரை, திரையில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளிதான் நீங்கள். கடலுக்குப் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பிறகு ஒரு கோடையில் சூரியன் வெறி பிடித்ததுபோல் சீறித் தணிந்தது. தணிந்தபோது வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தவற்றில் பெரும்பாலானவை ஊமையாகிவிட்டன. படகுத் திரைகளில் புள்ளி மறைந்தது. அந்த ஆண்டு வடகடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. பெல்சியாவின் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

புதிய செயற்கைக்கோள்கள் வரப் பல ஆண்டுகள் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் என்று வந்ததுதான் ஒலித்தூண். கடலடியில் ஊன்றிய ஆளுயரத் தூண். அதற்குள் ஒரு காது, ஒரு வாய். படகிலும் அதேபோல் ஒரு கருவி. நீங்கள் ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால், அந்த இடத்துத் தூண் உறக்கம் கலைந்து, தான் எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பதில் சொல்லும். இரண்டு மூன்று மைலுக்குள் இருந்தால் போதும். அரசாங்கம் ஒலித்தூண் என்றது. மீனவர்கள் காதுக்கல் என்றார்கள். மீனவர்கள் வைத்ததுதான் நின்றது.

காதுக்கல்லுக்குப் பெயர்தான் உயிர். அந்தப் பெயர்களைச் சேர்த்து, சரிபார்த்து, கற்களுக்குச் சொல்லித்தரும் மொழிப் பொறியாளர் வேலை பாம்பன் கரையில் பெல்சியாவுக்கு. அக்கரையில், நெடுந்தீவில், அதே வேலை யூட்டுக்கு. யூட் முன்பு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். இப்போது கற்களுக்கு வாத்தியார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. கடலடிக் கம்பி வழியாகக் குரல் மட்டும்தான் போய்வரும். ஆனாலும் மூன்று ஆண்டுகளில் அவர் வீட்டுக் கோழி எப்போது அடைகாக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

அந்த மூன்று ஆண்டுகளும் பெல்சியாவுக்குத் திகட்டவில்லை. நீலமாக, ஒன்றுமே எழுதாமல் வரைபடத்தில் கிடந்த இடத்தில் இத்தனை பெயர்களா! போட்ட வலை ஒருநாளும் வெறுமனே வராத பள்ளம் ஒன்று: சோத்துச்சட்டி. படகை உரசாமல் விடாத பாறை: கோவக்காரன் பார். வாடைக்காற்று எடுத்தால் கிளம்பிப் போய், தெற்கிலிருந்து சோளகக்காற்று பிறந்தால் பழைய இடத்துக்கே திரும்பி வரும் மணல்திட்டு ஒன்று இருந்தது. பாம்பன்காரர்கள் அதற்கு மருமகத் திட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"எங்கட பக்கம் சம்பந்தி மடை எண்டு ஒண்டிருக்கு" என்றார் யூட். "ரெண்டு மணல்மேடு, ஒண்டுக்கொண்டு நேரை நிக்கும். நடுவில சரியான நீரோட்டம். ஒருநாளும் ஒண்டு சேராது."

"பொண்ணு மாப்பிள்ளை நல்லா இருக்காகளா?" என்று பெல்சியா கேட்டாள். அக்கரையில் யூட் சிரித்த சிரிப்பில் கம்பி கரகரத்தது.

யார் வைத்த பெயர்கள் இவை? யாருக்கும் தெரியாது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் மட்டுமே தெரியும் இடத்தை வீடு வாசல்போலப் பழகி, குசும்பாகப் பெயரும் வைத்துவிட்டுப் போயிருந்த அந்த மனிதர்களை நினைக்க நினைக்க அவளுக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு கரைப் பேச்சையும் கற்களுக்குப் புரியவைக்க அவள் ஒரு நிரல் எழுதினாள். டால்பினைக் கரையில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அந்தப் பெயரையே அதற்கும் வைத்தாள்: ஓங்கல். அதில் அவளுக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இருந்தது. சொல்லின் வாலைப் பார்க்காதே, தலையைப் பார். இந்தக் கரை 'உங்க வலை' என்னும், அந்தக் கரை 'உங்கட வலை' என்னும். ஓங்கலுக்கு இரண்டும் ஒன்றே. வாலுக்காக ஒரு மனிதன் மூழ்கக் கூடாது என்பது அவள் கட்சி.

எல்லா இடத்துக்கும் பெயர் வைத்து முடித்த பிறகுதான் யூட் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பெல்சியா, ஒருத்தன் தான் எங்க நிக்கிறன் எண்டே தெரியாமல் நிண்டா, எந்தக் கல்லைக் கூப்பிடுவான்?"

பெல்சியாவுக்கு அப்பா நினைவுக்கு வந்தார். அவரும் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல்தான் நின்றிருப்பார்.

"'காப்பாத்து'ன்னு கத்தினா எல்லாக் கல்லும் முழிக்கிற மாதிரி வச்சுட்டா என்ன, அண்ணே?"

"கடல்ல ஆக்கள் சும்மாவே அப்பிடித்தானே கத்துறது! வலை அறுந்தாலும் 'ஐயோ மாதாவே', மீன் நிறையப் பட்டாலும் 'ஐயோ மாதாவே'. அதுக்கெல்லாம் எழும்பினா கல்லின்ர பற்றரி ஒரு மாசம் தாங்காது. கடலுக்கெண்டு ஒரு பேர் வேணும். அந்தப் பேரைச் சொன்னா எல்லாக் கல்லும் எழும்ப வேணும். கிட்ட நிக்கிற கல்லு, தான் ஆர் எண்டு சொல்லும். மற்றக் கல்லுகள் அவன்ர குரலை ரெண்டு கரைக்கும் கடத்தும்."

"ஆளுக்கொரு பேரு வச்சுக்கிட்டா?"

"ஏலாது. அந்தச் சொல்லு ஒண்டுதான். ரெண்டு கரையும் ஒரே பேரைப் பதிஞ்சாத்தான் பூட்டுத் திறக்கும். ரெண்டு அரசாங்கமும் ஒண்டையொண்டு நம்பாமல் போட்ட பூட்டு."

அப்படித்தான் கடலுக்குப் பெயர் வைக்க ஒரு கூட்டம் கூடியது. பாம்பன் பக்கம் படகுச் சங்கத் தலைவர் சேசுராயனும் அவருடைய ஆட்களும்; அக்கரையில் யூட்டும் நெடுந்தீவு மீனவர்களும். நடுவில் கம்பி. சேசுராயன் நல்ல மனிதர்தான். ஆனால் மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டே திரிபவர்.

வடகடல் என்றே வைத்துவிடலாம் என்றார் அவர். நெடுந்தீவிலிருந்து பார்த்தால் அது தெற்கே கிடக்கிறது, நாங்கள் அதைத் தென்கடல் என்கிறோம் என்று அக்கரையில் யாரோ சொன்னார்கள். தென்கடல் என்று கூப்பிட்டால் பாலத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவில், சம்பந்தமே இல்லாத கற்கள் விழித்துக்கொள்ளும் என்று பெல்சியா விளக்கினாள். பாக் என்ற பெயருக்கு இரண்டு கரையிலும் ஓர் ஆதரவும் இல்லை. அதில் மட்டும் முழு ஒற்றுமை. பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது.

கடைசியில் யூட் சொன்னார். "வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம். இது எங்கட கடல். எங்கட கடல் எண்டே வைப்பம்."

சேசுராயன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எங்க கடலா? அப்ப நாங்க யாரு? விருந்தாடி வந்தவுகளா? எங்கப்பன் பாட்டன் செத்த கடலு அது! என்ன தைரியத்துல சொல்லுறாக, எங்க கடலுன்னு?"

அக்கரையில் யூட் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் இந்தப் பக்கத்தில் யாரோ கம்பியைத் துண்டித்துவிட்டார்கள். மறுநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: பெயர் விவகாரம் ஒத்திவைக்கப்படுகிறது, மறு அறிவிப்பு வரும்வரை அக்கரையோடு பேச்சு வேண்டாம்.

பெல்சியாவுக்கு மேலிடத்தின் மேல் கோபம் வரவில்லை. யூட் மேல்தான் வந்தது. தமிழில் 'நம்ம' என்று ஒரு சொல் இருக்கிறதே! கேட்பவரையும் சேர்த்து அணைத்துக்கொள்ளும் சொல். அதை விட்டுவிட்டு 'எங்க' என்றால், நீ வெளியே நில் என்று அர்த்தம். சேசுராயனைப் பார்த்து யாரோ சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். கோழி அடைகாப்பதைக்கூட அவளிடம் சொன்ன மனிதர், மூன்று வருடத்துக்குப் பிறகு, அவள் காதுபட, எங்கட கடல் என்கிறார்!

அன்று சாயங்காலம் அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகு அவள் பதிவுத் திரையைத் திறந்தாள். கடலின் பெயர்: பாம்பன் கரையின் பதிவு. எதிரே காலிக் கட்டம். அக்கரை என்ன பதிந்திருக்கிறது என்று இங்கே தெரியாது. உனக்கு மட்டும்தான் 'எங்க' தெரியுமா, எனக்கும் தெரியும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே, 'எங்க கடல்' என்று பதிந்தாள். இரண்டு கரையும் பொருந்தாத பதிவு ஒரு பருவத்தில் தானாகவே அழிந்துவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை. வீம்புக்குச் செய்த வேலை. செய்ததும் திரையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு அந்தத் திரையை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். வடகடலில் ஒரு காலையில் பனி மூடிக்கொண்டது. கை நீட்டினால் விரல் தெரியாத பனி. போன படகுகள் கற்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. பெல்சியாவின் தம்பி டார்வினின் படகு மட்டும் சேரவில்லை.

டார்வின் தனியாகப் போயிருந்தான். திசைகாட்டி வீட்டு ஆணியில் தொங்கியது. கல் இருக்கிறதே என்ற தைரியத்தில் அவன் வயதுப் பிள்ளைகள் யாரும் அதை எடுத்துப் போவதில்லை. மதியமும் ஆகிவிட்டது. பனி விலகிக் கொஞ்சம் வெளிச்சம் வந்தும் அவன் வரவில்லை. பாம்பன் பக்கத்துக் கல் எதுவும் அவன் குரலைக் கேட்டிருக்கவில்லை. அப்படியென்றால் அவன் எங்கோ நடுக்கடலைத் தாண்டி, அக்கரைப் பெயருள்ள கற்களுக்கு நடுவே நிற்கிறான். அந்தப் பெயர்கள் அவனுக்குத் தெரியாது. பேச்சு நின்றுபோனதால் அக்கரைப் பெயர்களை இந்தக் கரை மீனவர்களுக்குச் சொல்லித்தரும் வகுப்பும் நின்றுபோயிருந்தது. அதை நடத்த வேண்டியவள் பெல்சியாதான்.

கண்காணிப்பு அறையில் அவள் சுவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நூற்றுக்கணக்கான கற்கள் சாம்பல் நிறப் புள்ளிகளாக உறங்கிக்கொண்டிருந்தன. பின்னால் சேசுராயன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேடப் போன படகுகள் வெறுமனே திரும்பியிருந்தன. அம்மாவுக்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதே கடல் அப்பாவை எடுத்துக்கொண்டபோது கற்கள் இல்லை. இப்போது கற்கள் இருக்கின்றன, அவற்றுக்குக் காது இருக்கிறது, அவற்றை எழுப்ப ஒரு சொல் இல்லை.

அப்போது சுவர் பச்சையானது.

முதலில் நெடுந்தீவுப் பக்கம் ஒரு புள்ளி. அதைச் சுற்றிப் பத்து. பிறகு பாம்பனிலிருந்து நெடுந்தீவுவரை, ஒன்று விடாமல், மொத்தக் கடலும். பெல்சியா நிரல்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். அதற்குள் ஒலிபெருக்கியில் தண்ணீரின் இரைச்சலோடு ஒரு குரல் வந்தது.

"...எங்க கடல்லயே எனக்கு வழி தெரியலயே, அப்பா! எங்க கடல்லயே..."

டார்வின். அவன் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. செத்துப்போன அப்பாவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தான். அழுகைக்கு நடுவே நிதானமாக இன்னொரு குரல், கல்லின் குரல், அவனுக்குப் பதில் சொன்னது.

"நான் சம்பந்தி மடை. நீ எனக்கு வடக்கே, முக்கால் மைலில் இருக்கிறாய். பேசு."

"யாரு... யாரு பேசுறது?" என்றான் டார்வின். "படகு மணல்ல ஏறிக் கீறிருச்சு. தண்ணி உள்ள வருது."

பெல்சியா ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். "டேய் டார்வின், அக்காடா! படகை விட்டுக் குதிச்சிறாத. தண்ணிய இறைச்சுக்கிட்டே இரு. நான் இருக்கேன்!"

உத்தரவு, ஒத்திவைப்பு எல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. அக்கரைக் கம்பியின் பொத்தானை அமுக்கினாள். யூட் ஏற்கெனவே அங்கே இருந்தார்.

"பெல்சியா, கடல் எழும்பீட்டுது!" அவருக்கு மூச்சு வாங்கியது. "நானும் அவன்ர குரலைக் கேட்டனான். எங்கட பெடியள் வள்ளத்தை இறக்கீட்டினம். சம்பந்தி மடை எங்களுக்குக் கிட்டத்தான். அரை மணித்தியாலம் அவனைக் கதைச்சுக்கொண்டு இருக்கச் சொல்லுங்கோ."

அவள் பேசினாள். அம்மா வைத்திருக்கும் குழம்பைப் பற்றி, அவன் சின்ன வயதில் பாலத்திலிருந்து ரயிலுக்கு டாட்டா காட்டியதைப் பற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். கற்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, ஒரு சொல்லும் சிந்தாமல் அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. சோத்துச்சட்டி கோவக்காரன் பாரிடம் கொடுத்தது. கோவக்காரன் பார் மருமகத் திட்டிடம் கொடுத்தது. இந்த ஒரு காரியத்துக்காகவே எந்தக் காலத்திலோ யாரோ அந்தப் பெயர்களை வைத்துவிட்டுப் போனதுபோல அவளுக்குத் தோன்றியது. கடைசியில் வேறு குரல்கள் கேட்டன. "கையைத் தா தம்பி, கையைத் தா, பயப்பிடாத." சேசுராயன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார்.

சாயங்காலம் யூட் மறுபடியும் கூப்பிட்டார். டார்வின் அவர் வீட்டில் இருந்தான்.

"நீங்கள் பதிஞ்ச அண்டைக்கே சொல்ல நினைச்சனான். கதைக்க விடமாட்டம் எண்டிட்டாங்கள். உங்கட ஆக்கள் எல்லாரும் கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போன பிறகும், நீங்கள் மட்டும் நான் சொல்லிப் பதிஞ்ச பேரையே பதிஞ்சீங்கள். பூட்டுத் திறந்ததைப் பாத்திட்டு எனக்குக் கண்ணெல்லாம் கலங்கீட்டுது, பெல்சியா. பெரிய மனசு உங்களுக்கு."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. 'எங்கட கடல்.' 'எங்க கடல்.' வாலைப் பார்க்காதே, தலையைப் பார். உன்னுடையது இல்லை என்று அவள் குத்தலாகப் பதிந்ததை, அவளுடைய ஓங்கலே எடுத்துப்போய் அவருடைய சொல்லோடு சேர்த்துப் பூட்டைத் திறந்திருக்கிறது. அவமானமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று நெஞ்சில் நின்றது.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். எங்கட கடலுன்னு சொன்னீகளே, அதுல நாங்க உண்டா?"

"எனக்கு விளங்கேல்லை."

"எங்க ஊருல, எதுத்தாப்புல இருக்கவுகளையும் சேத்துச் சொன்னா 'நம்ம'ன்னு சொல்லுவோம். 'எங்க'ன்னா அவுகள விட்டுட்டுன்னு அர்த்தம். அதான் சேசுராயன் எந்திரிச்சுப் போனாரு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "எனக்கும் வருத்தந்தான்."

"கடவுளே!" என்றார் யூட். "நாங்கள் எல்லாத்துக்கும் எங்கட எண்டுதானே சொல்லுறது. உங்களோட கதைக்கேக்க எங்கட எண்டா உங்களையும் சேர்த்துத்தான், பெல்சியா. உங்களை வெளியில விட்டிட்டுச் சொல்லுறதுக்கெண்டு தனிச்சொல்லு எங்களிட்ட இல்லையே."

இரண்டு கரைச் சொற்களின் வாலையும் மூன்று ஆண்டு அளந்தவள் அவள். அந்தச் சொல்லின் வயிற்றுக்குள் தனக்கும் இடம் இருந்ததை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. தான் எதற்காக அப்படிப் பதிந்தேன் என்று சொல்லிவிட வாயெடுத்தாள். அதற்குள் டார்வின் குறுக்கே புகுந்தான்.

"அக்கா, சொதின்னு ஒரு தேங்காப்பால் குழம்பு குடுத்தாக. மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டேன். அம்மாகிட்ட சொல்லாத!"

தம்பி உயிரோடு சொதி குடிக்கிறான் என்பதைவிட முக்கியமாகச் சொல்ல அந்த நேரத்தில் அவளிடம் எதுவும் இல்லை.

அந்தப் பெயரோடு ஒரே ஒரு தொல்லைதான் வந்தது. பங்குனியில் ஒருநாள் சுவர் முழுக்கப் பச்சையானது. இரண்டு கரையிலிருந்தும் மீட்புப் படகுகள் பாய்ந்து போய்ப் பார்த்தால், நடுக்கடலில் இரண்டு படகுகள் வலை சிக்கியதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஒருவன் "போடா, இது எங்க கடல்!" என்று கத்தியிருக்கிறான். மற்றவன் "இது எங்கட கடலடா!" என்று திருப்பிக் கத்தியிருக்கிறான். கற்கள் மொத்தமும் விழித்து, ஆபத்தில் இருப்பவன் யார் என்று அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தன. முதலுதவிப் பெட்டியும் கம்பளியும் சுடுதண்ணீருமாக வந்து நின்றவர்களைப் பார்த்து இரண்டு பேரும் வெட்கப்பட்டு வலையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டார்கள்.

அது மூன்று தடவை நடந்தது. மேலிடம் பெல்சியாவைக் கூப்பிட்டு, கடலுக்குச் சண்டையில் வராத வேறு பெயராகப் பார்க்கச் சொன்னது. முடியாது என்று முதலில் சொன்னவர் சேசுராயன்.

"அந்தப் பேரே இருக்கட்டும் சார்" என்றார் அவர். "இனிமே எவன் அந்தக் கடல்ல நின்னு 'எங்க கடலு'ன்னு சொன்னாலும், ரெண்டு கரையும் அவனைக் காப்பாத்தத்தான் ஓடும்."